நூறு பேர் கூடும் கச்சேரி

கோயில் திருவிழாவிலும் கல்யாண வரவேற்பிலும் மேடையேறும் மெல்லிசைக் குழுவை அறியாத தமிழர் இல்லை. திரைப்படத்தில் வந்து எல்லோர் வாயிலும் புழங்கும் பாடலை, படத்தில் கேட்டது போலவே வாசித்துக் காட்டுவதுதான் அந்தக் குழுவின் திறமைக்கு அளவுகோல். இதிலிருந்து அடிப்படையிலேயே வேறுபட்ட இன்னொரு வகைக் குழு கடந்த இருபது ஆண்டுகளில் சென்னையிலும் பிற நகரங்களிலும் மெல்ல வேர்பிடித்திருக்கிறது. நாலைந்து பேர் சேர்ந்து, தங்கள் பாடலைத் தாங்களே எழுதி, தாங்களே மெட்டமைத்து, திரைப்படத் தயாரிப்பாளரின் தேவைக்கோ பெரிய இசை நிறுவனத்தின் விருப்பத்துக்கோ காத்திராமல் கைக்காசைப் போட்டுப் பதிவு செய்து வெளியிட்டு, அதே பாடல்களை மேடையிலும் வாசிக்கும் இந்தக் குழுக்களைச் சுயாதீன இசைக்குழுக்கள் என்று எழுத்திலும், ‘இண்டி பேண்ட்’ என்று பேச்சிலும் குறிப்பிடுகிறார்கள்.

இத்தகைய குழுவின் முதல் சிக்கல், அதன் பாட்டு யாருக்கும் தெரியாது என்பதே. மெல்லிசைக் குழு தொடக்க இசையின் இரண்டு சுரங்களை வாசித்த உடனேயே கைதட்டல் எழுகிறது, ஏனெனில் கேட்பவர் மனத்தில் அந்தப் பாட்டு ஏற்கெனவே குடியிருக்கிறது. சுயாதீனக் குழுவோ, கேட்பவர் இதுவரை அறியாத ஒன்றை நான்கு நிமிடங்களுக்குள் அவர் மனத்தில் ஏற்றியாக வேண்டும். ஐம்பது முதல் முந்நூறு பேர் வரை கொள்ளும் சிறு அரங்கு இதற்கென்றே அமைந்தது போல இருக்கிறது. கடைசி வரிசையில் நிற்பவரின் முகமும் பாடகர் கண்ணுக்குத் தெரிகிறது. எந்தத் தாளத்தில் தலைகள் அசையத் தொடங்குகின்றன, எந்தச் சரணத்தில் கூட்டம் சலித்துக் கைபேசியை எடுக்கிறது என்பது அந்த நொடியிலேயே புரிகிறது. அடுத்த கச்சேரிக்குள் அந்தச் சரணம் சுருங்கிவிடுகிறது, அல்லது முற்றிலும் வேறாக எழுதப்படுகிறது. பதிவான பாடலே முடிந்த பொருள், மேடை அதற்கான விளம்பரம் என்று எண்ணும் பழக்கம் திரையிசை தந்தது. சுயாதீன இசையில் பெரும்பாலும் இந்த வரிசை தலைகீழாகிறது. பாட்டு மேடையில் பலமுறை அடிபட்டு உருவாகி, பிறகே பதிவுக் கூடத்துக்குப் போகிறது. ஆகவே சிறு அரங்கில் நிற்கும் கேட்பவருக்கும் அந்தப் பாட்டின் ஆக்கத்தில் ஒரு பங்கு உண்டு என்றால் அது மிகையாகாது.

உலகப் புகழ் பெற்ற குழுக்கள் சிலவற்றின் கதையைப் பார்த்தால் இது விளங்கும். இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில், மேத்யூ தெருவில், கிடங்கு ஒன்றின் நிலவறையில் 1957-இல் தொடங்கப்பட்ட கேவர்ன் கிளப்பில் பீட்டில்ஸ் குழு 1961 பிப்ரவரிக்கும் 1963 ஆகஸ்டுக்கும் இடையில் ஏறத்தாழ 290 முறை வாசித்தது. காற்றோட்டம் குறைந்த அந்தச் செங்கல் நிலவறைக்கு மதிய உணவு இடைவேளையில் அலுவலக ஊழியர்களும் கடைப்பெண்களும் வந்து கேட்டுவிட்டு வேலைக்குத் திரும்புவார்கள். பின்னாளில் குழுவின் மேலாளரான பிரையன் எப்ஸ்டைன் அவர்களை முதன்முதலில் கேட்டதும் அப்படிப்பட்ட ஒரு மதியக் கச்சேரியில்தான். நியூயார்க்கின் பவரி சாலையில் ஹிலி கிரிஸ்டல் என்பவர் 1973-இல் திறந்து 2006 வரை நடத்திய சிபிஜிபி என்ற குறுகலான கூடம் இன்னும் தெளிவான சான்று. அங்கு வாசிக்க வரும் குழு சொந்தப் பாடலையே வாசிக்க வேண்டும் என்ற ஒரே விதியை அவர் வைத்தார். அந்த விதியின் கீழ் ராமோன்ஸ், டாக்கிங் ஹெட்ஸ், பிளாண்டி போன்ற குழுக்கள் வளர்ந்தன. இசையில் ஒரு புதிய காலம் பிறப்பதற்கு மாளிகை தேவைப்படவில்லை என்பதோடு, யாரோ ஒருவர் ஒரு கூடத்தைத் திறந்து வைத்துப் பல ஆண்டுகள் மூடாமல் இருப்பது தேவைப்பட்டது என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும்.

சென்னையில் மேற்கத்திய பாணிக் குழுக்களுக்குப் பழைய வரலாறு உண்டு. ஏ.ஆர். ரஹ்மான் திரைக்கு வருமுன் ‘ரூட்ஸ்’ என்ற குழுவில் சிவமணி முதலியோருடன் வாசித்தார், ‘நெமிசிஸ் அவென்யூ’ என்ற ராக் குழுவையும் நிறுவினார். ஆயினும் அக்காலக் குழுக்கள் பெரும்பாலும் அமெரிக்க, ஆங்கிலேயக் குழுக்களின் பாடல்களையே வாசித்தன. சொந்தப் பாடல் என்ற பிடிவாதத்தோடு சென்னையில் தோன்றிய குழுக்களில் 2005-இல் உருவான ஜங்க்யார்டு குரூவ், 2006-இல் உருவான ஸ்கிராட், 2012-இல் உருவான தி எஃப்16ஸ் ஆகியவை குறிப்பிடத்தக்கவை. இவை ஆங்கிலத்தில் பாடினாலும் இந்த நகரத்து இளைஞர்களின் குழுக்களே. புதிய குழுக்களுக்கு மேடையே கிடைக்காத காலத்தில் அடையாற்றில் இயங்கிய ‘அன்வைண்ட் சென்டர்’, ‘ஜூன் ராக் அவுட்’ என்ற நிகழ்ச்சியின் வழியாக முன்பின் அறியப்படாத குழுக்களை ஏற்றிவிட்டது. சென்னை ராக் இசையின் வரலாற்றை எழுதுவோர் அந்தச் சிறு இடத்தைக் கடந்து போக முடியாது.

மொழி மாறியது பிறகுதான். கேரளத்தில் 2003-இல் உருவான அவியல் குழு, மலையாளத்தின் நாட்டுப்புறச் சொல்லோசையை மின்கிதாருக்கு முன் நிறுத்தி, ராக் இசைக்கு ஆங்கிலம் கட்டாயமில்லை என்று தென்னிந்தியாவுக்குக் காட்டியது. தமிழில் தர்புகா சிவாவும் அந்தோணி தாசனும் சேர்ந்த லா பொங்கல் நாட்டுப்புறப் பாடலையும், தென்மாவும் கபேர் வாசுகியும் சேர்ந்த குரங்கன் நகரத்து இளைஞனின் அன்றாடப் பேச்சையும் மேடைக்குக் கொண்டுவந்தன. இவற்றையெல்லாம் கடந்து பெரும் பாய்ச்சலாக வந்தது தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ். இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் தென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் இணைந்து, கானாப் பாடகர்களையும் ராப் பாடகர்களையும் ராக் கலைஞர்களையும் தேர்ந்தெடுத்து உருவாக்கிய இந்த 19 பேர் குழு, 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் தன் முதல் கச்சேரியை நடத்தியபோது ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். பெரும்பாலும் சாவு வீட்டிலும் தெருமுனையிலும் இடம் தரப்பட்ட கானாவும் பறையும் சாதி எதிர்ப்பின் குரலாக மையமேடை ஏறிய நாள் அது. அக்குழுவின் இசைவாணி 2020-இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். அதே குழுவின் அறிவு, பாடகி தீயுடன் சேர்ந்து பாடிய ‘என்ஜாய் எஞ்சாமி’ 2021 மார்ச்சில் வெளியாகி உலகத் தமிழர் வீடுகளிலெல்லாம் ஒலித்தது.

இவ்வளவு நடந்த நகரத்தில், வாரம் தவறாமல் சொந்தப் பாடல் கேட்கப் போகக்கூடிய நிலையான சிறு கூடங்கள் மிகக் குறைவு என்பதுதான் வருத்தத்துக்குரிய செய்தி. திறமைக்கும் ரசிகருக்கும் பஞ்சமில்லாத ஊரில் இது ஏன் நேர்ந்தது என்பதற்கு ஒரு காரணம் மதுச் சட்டத்தில் இருக்கிறது. உலகெங்கும் சிறு இசைக்கூடங்களின் வாடகையை அடைப்பது பெரும்பாலும் டிக்கெட் அன்று, அங்கே விற்கும் பானமும் உணவுமே. பெங்களூரில் மதுக்கூடங்கள் தனி நிலையங்களாகவே இயங்குவதால் இசைக்கும் அவற்றில் ஓர் ஓரம் கிடைக்கிறது. தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை 2003 முதல் டாஸ்மாக் கையில் இருக்க, தனியார் மதுக்கூட உரிமம் பெரும்பாலும் நட்சத்திர விடுதிகளுக்கும் மன்றங்களுக்கும் உரியதாக இருக்கிறது. ஆகவே கச்சேரி நட்சத்திர விடுதிக்குள் போய்விடுகிறது. விலை ஏறுகிறது, 21 வயது நிரம்பாத கல்லூரி மாணவர் வாசலிலேயே நின்றுவிடுகிறார், விடுதி மேலாளர் சொந்தப் பாடலைவிட எல்லோருக்கும் தெரிந்த பழைய வெற்றிப் பாடல்களையே கேட்கிறார். பிறர் பாடலை வாசிப்பதை இசைக்காரர்கள் ‘கவர்’ என்பார்கள். இரவு முழுவதும் கவர் வாசித்து, நடுவில் தன் பாட்டு ஒன்றை நுழைத்துவிட்டு இறங்கும் குழுக்கள் நகரில் ஏராளம்.

இந்த இடைவெளியைப் பண்பாட்டு நிலையங்களும் தனிமனித முயற்சிகளும் ஓரளவு அடைத்து வருகின்றன. நுங்கம்பாக்கத்தின் அலியான்ஸ் பிரான்சேஸ், பிரான்ஸ் நாட்டில் 1982-இல் தொடங்கி ஆண்டுதோறும் ஜூன் 21-ஐ ஒட்டிக் கொண்டாடப்படும் இசை விழாவுக்காக உள்ளூர்க் குழுக்களுக்கு மேடை தருகிறது. புதுச்சேரியில் அதே விழா தெருவுக்கே வருகிறது. பெசன்ட் நகரில் நடனக் கலைஞர் சந்திரலேகா உருவாக்கிய ‘ஸ்பேசஸ்’ வளாகம் நாடகத்துக்கும் இசைக்கும் திறந்திருக்கிறது. 2015-இல் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா, சூழலியல் செயற்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமன் முதலியோர் மீனவ மக்களோடு சேர்ந்து ஊரூர் ஆல்காட் குப்பத்தில் தொடங்கிய விழா, கர்நாடக இசையையும் பறையாட்டத்தையும் எல்லையம்மன் கோயில் முன்றிலில் ஒரே மேடையில் அமர்த்தியது.

கர்நாடக இசை உலகம் இந்த வகையில் ஒரு பாடத்தைத் தன் வசம் வைத்திருக்கிறது. டிசம்பர் சீசனில் சபாக்கள் மாலை நேரத்தை மூத்த வித்வான்களுக்கும், பகல் நேரத்தை வளரும் கலைஞர்களுக்கும் ஒதுக்குகின்றன. பகல் கச்சேரிக்குப் பெரும்பாலும் டிக்கெட் கிடையாது. மயிலாப்பூரின் ராகசுதா அரங்கு போன்ற சிறு கூடங்களில் ஆண்டு முழுவதும் கச்சேரி நடக்கிறது. இருபது பேர் மட்டுமே அமர்ந்திருக்கும் பகல் கச்சேரியில் பாடிய இளைஞர், சில ஆண்டுகளில் மாலை நேரத்துக்கு உயர்கிறார். யார் மேடையேறலாம் என்பதில் சபாக்களின் சாதிச் சாய்வு கடுமையான கண்டனத்துக்கு உரியதே. ஆனால் படிப்படியாக ஏற ஒரு வழியைப் பல பத்தாண்டுகளாக அவை காத்து வந்திருப்பதை மறுக்க முடியாது. சுயாதீனக் குழுக்களுக்கு அத்தகைய படிகள் இல்லை. ஒரே தாவலில் இணையத்தில் புகழ் பெற வேண்டும், இல்லையேல் வேலைக்குப் போய்விட வேண்டும்.

கூடம் இருந்தாலும் அதை நடத்துவது எளிதன்று. மும்பையில் பழைய ஆலை வளாகத்தில் 2007-இல் திறந்து, இந்தியச் சுயாதீன இசையின் முகவரியாகவே விளங்கிய புளூ ஃபிராக் 2016-இல் மூடப்பட்டது. பிரிட்டனில் இத்தகைய கூடங்களுக்காக 2014-இல் அமைந்த மியூசிக் வென்யூ டிரஸ்ட், 2023-இல் மட்டும் 125 சிறு அரங்குகள் இசையைக் கைவிட்டதாகக் கணக்கிட்டது. பேரரங்குகளின் டிக்கெட் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சிறு தொகையைச் சிற்றரங்குகளுக்குத் தர வேண்டும் என்ற கோரிக்கை அங்கே நாடாளுமன்றக் குழு வரை சென்றது. பேரரங்கை நிறைக்கும் கலைஞர்கள் சிற்றரங்கிலிருந்தே வருகிறார்கள் என்பதால் இக்கோரிக்கை நியாயமானது.

சென்னையில் 100 பேர் ஆளுக்கு 300 ரூபாய் கொடுத்து வருவதாக வைத்துக்கொண்டால் 30,000 ரூபாய் சேரும். கூடத்தின் வாடகை, ஒலிபெருக்கிகளின் வாடகை, ஒலிப் பொறியாளரின் ஊதியம், இசைக்கருவிகளை ஏற்றி வந்த வண்டிக் கூலி ஆகியவற்றைக் கழித்து, மிஞ்சியதை ஐந்து பேர் பிரித்துக்கொண்டால் ஒத்திகைக் கூடத்தின் வாடகைக்கே அது போதாது. இசை நிகழ்ச்சிகளில் 500 ரூபாய் வரையிலான அனுமதிக் கட்டணத்துக்கு 2018-இல் ஜிஎஸ்டி விலக்கு அளிக்கப்பட்டது சிறு கச்சேரிகளுக்கு உதவியாக இருந்தது. ஆனாலும் வாசலில் குழுவின் பனியனையோ குறுந்தட்டையோ ஒருவர் வாங்கிச் செல்வது வெறும் அன்பின் அடையாளமாக நின்றுவிடுவதில்லை. அடுத்த கச்சேரிக்கு அதுவே முதலீடாகிறது.

சிறு அறையில் இசை கேட்பது ஏன் வேறு அனுபவமாக இருக்கிறது என்பதற்கு ஒலியியலிலும் விடை உண்டு. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. பெரிய மைதானத்தில் மேடையிலிருந்து நூறு மீட்டர் தள்ளி நிற்பவருக்கு, டிரம்மரின் கை இறங்குவதைக் கண்ட பிறகு ஏறத்தாழ 0.3 நொடி கழித்தே மேடையின் ஓசை வந்து சேர்கிறது. அவர் பெரும்பாலும் மேடையைப் பார்ப்பதை விட்டுத் திரையைப் பார்க்கிறார். ஐந்து மீட்டரில் நிற்பவருக்கோ கையும் ஓசையும் ஒன்றாகவே வருகின்றன. கிதார் தந்தியில் விரல் வழுக்கும் ஓசையும், பாடகர் அடுத்த அடிக்கு மூச்சு இழுப்பதும்கூடக் கேட்கும்.

அறையின் அதே சிறிய அளவு ஒலிப் பொறியாளருக்குத் தலைவலியாகவும் இருக்கிறது. டிரம்ஸ் ஒலிவாங்கி இல்லாமலேயே அறையை நிறைத்துவிடும். அருகில் அதன் உரப்பு 100 டெசிபலைத் தாண்டும். ஆகவே பெரிய அரங்கில் டிரம்ஸை உயர்த்தும் வேலை, இங்கே பாடகரின் குரலை டிரம்ஸுக்கு மேலே கொண்டுவரும் வேலையாக மாறிவிடுகிறது. குரலை ஓர் அளவுக்கு மேல் உயர்த்தினால், ஒலிபெருக்கியிலிருந்து வந்த ஓசையையே ஒலிவாங்கி மீண்டும் உள்வாங்கி, அது மறுபடி பெருகி, காதைத் துளைக்கும் கீச்சொலி எழும். இதைப் ‘ஃபீட்பேக்’ என்பார்கள். கச்சேரிக்கு முன் நடக்கும் ‘சவுண்டு செக்’ என்ற ஒலிச் சோதனையில் டிரம்மர் ஒரே முரசைப் பத்து நிமிடம் தட்டிக்கொண்டிருப்பதும், பொறியாளர் அறையின் மூலைமூலையாக நடந்து கேட்பதும் இதற்காகத்தான். கனமான அடித்தாள ஓசையின் அலைநீளம் பெரிது. நொடிக்கு ஐம்பது அதிர்வுள்ள ஓசையின் அலை ஒன்று ஏழு மீட்டருக்கு நெருங்கி, சிறு அறையின் நீளத்துக்கு ஒப்பாக இருப்பதால், சுவரோரத்திலும் மூலையிலும் அது குவிந்து பெருகும், வேறு சில இடங்களில் அடங்கிப்போகும். காலி அறையில் சரியாக அமைத்த ஓசை, நூறு உடல்கள் வந்து நிறைந்ததும் மாறிவிடும், ஏனெனில் மனித உடலும் உடையும் ஓசையை உறிஞ்சுகின்றன. நல்ல ஓசை வேண்டுவோர் பொறியாளரின் மேசைக்கு அருகில் நிற்பது நலம். அவர் தம் காதுக்கு ஏற்பத்தான் எல்லாவற்றையும் அமைக்கிறார். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இத்தகைய இடங்களில் ஓசையின் சராசரி 100 டெசிபலைத் தாண்டலாகாது என்கிறது. காதடைப்பான் அணிந்து கேட்பதில் கூச்சம் எதுவும் வேண்டியதில்லை.

தமிழ்க் குழுக்களுக்கு இதில் தனிச்சிக்கலும் உண்டு. பறையின் தோலை நெருப்பில் வாட்டி முறுக்கேற்றினால்தான் அதன் ஓசை கணீரென்று எழும். கடற்கரை நகரத்தின் ஈரக்காற்றில் தோல் விரைவில் தளர்ந்துவிடும். குளிரூட்டிய கூடத்துக்குள் தீ மூட்ட இடம் தருவார் இல்லை. ஆகவே கலைஞர் வெளியே போய் வாட்டிக்கொண்டு வருகிறார், அல்லது செயற்கைத் தோல் பூட்டிய பறையை எடுக்கிறார். பழகிய காது இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை உடனே அறியும். வெட்டவெளியில் ஊரையே அழைப்பதற்கென உருவான கருவியைப் பத்து மீட்டர் அறைக்குள் கிதாரோடும் குரலோடும் இணங்க வைப்பது எளிய வேலையன்று. அதைச் சாதித்துக் காட்டும் குழுவின் உழைப்பைக் கேட்பவர் உணர்ந்து பாராட்ட வேண்டும்.

தலைநகரத்துக்கு வெளியே இருப்பவருக்கு இவையெல்லாம் எட்டாத செய்தியாகத் தோன்றலாம். ஆந்திரத்தின் திருப்பதி மாவட்டத்தில், முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்த வரதய்யபாளையம், தமிழக எல்லையை ஒட்டிய ஊர். அப்பகுதி இளைஞர் தடாவிலிருந்து சூளூர்பேட்டை–சென்னை மின்ரயிலில் ஏறினால் மாலைக் கச்சேரிக்குச் சென்றுவிடலாம். கடைசி ரயிலுக்கு ஓடுவதற்காகப் பாதிக் கச்சேரியில் எழுந்து வர வேண்டியிருப்பதுதான் குறை. ஆனால் அந்த மண்ணுக்குச் சிறு கூட்டத்தின் முன் நிகழும் கலை புதிதன்று. சித்தூர்ச் சீமையின் திரௌபதி அம்மன் கோயில்களில் நடக்கும் பாரத விழாவில் பகலில் ஹரிகதையும் இரவில் கூத்தும் உள்ளூர்க் குழுக்களாலேயே நடத்தப்படுகின்றன. கூத்தாடியின் முகவேர்வை தெரியும் தூரத்தில் அமர்ந்து விடிய விடியக் கேட்ட மக்கள் அவர்கள். அருகிலுள்ள ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் பல மாநிலங்களிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான இளைஞர்கள் வேலை செய்கிறார்கள். அவர்களிடையே கிதார் அறிந்தவரும் பாட்டெழுதுபவரும் இல்லாமல் இருக்க முடியாது.

அங்கே ஒரு சிறு கச்சேரி நடத்தப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. ஒரு சமுதாயக் கூடம், எதிரொலியை அடக்கச் சுவர்களில் தடித்த திரைகள், இரண்டு ஒலிபெருக்கிகள், நான்கைந்து ஒலிவாங்கிகள், கருவிகளுக்குச் சீரான மின் இணைப்பு ஆகியவையே அடிப்படை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று எல்லை வகுத்து, இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை வெட்டவெளியில் ஒலிபெருக்கியைத் தடை செய்கின்றன. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டில் 15 நாள்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை அனுமதி அளிக்க மாநில அரசுக்கு இடம் இருக்கிறது. மாலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடித்தால் அந்த அனுமதியே வேண்டியிராது. வாசலில் ஒரு மேசை போட்டு நூறு ரூபாய் டிக்கெட் விற்கலாம். தமிழிலும் தெலுங்கிலும் எழுதிய சொந்தப் பாடல்களைத்தான் வாசிக்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு மாதத்தின் ஒரு சனிக்கிழமையைப் பக்கத்து ஊர்க் குழுக்களுக்கு ஒதுக்கலாம். முதல் மாதம் வருபவர் இருபது பேரே என்றாலும், அடுத்த மாதச் சனிக்கிழமையும் அந்தக் கூடத்தைத் திறந்து வைக்க வேண்டும்.